வண்டி அங்கேயே இருக்கட்டும், அப்பா

இன்னும் யார் இருமல் கேட்டாலும், நீங்கள்தான் என்று ஸ்வெட்டரை எடுத்துக்கொண்டு என்னை எழுந்திருக்க வைக்கிற என் அப்பாவுக்கு,

உங்கள் ஏ ஃபார்ட்டி கார் வரவில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். அவ்வளவு பழைய வண்டியை இலங்கையை விட்டு வெளியே அனுப்பத் தனி அனுமதி வேண்டுமாம். இந்த வண்டிக்கு அதைத் தருவதற்கில்லையாம். ஒற்றைத் தாளில் பதில் வந்தது. வாசலில் நின்றே படித்துவிட்டு உள்ளே போனேன். அம்மா என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள்.

நீங்கள் வண்டிக்காக வாசலில் போட்ட தகரக் கொட்டகையில் இப்போது எதிர்வீட்டுக்காரர் பூம்பாறைப் பூண்டைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். மழை விடுகிறவரைக்கும் என்று கேட்டார். வேண்டாம் என்று எப்படிச் சொல்ல?

நான் கொடைக்கானலில் பிறந்தவள். நீங்கள் இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் டாக்டர் துரைக்கு வண்டி ஓட்டியதும், அவர் ஊரைவிட்டுப் போகும்போது அந்த வண்டியை உங்கள் பேருக்கே எழுதிக் கொடுத்ததும் எனக்குக் கேள்விதான். ஒரு வருஷம்கூட உங்கள் வண்டியாக அதை நீங்கள் ஓட்டவில்லை. இந்தியாவுக்குப் போகச் சொல்லிக் காகிதம் வந்துவிட்டது. கூட்டாளி குணபால மாமாவின் கொட்டகையில் வண்டியை விட்டுவிட்டு, அம்மாவோடு கப்பலேறி, இந்த மலைக்கு வந்து காலமெல்லாம் டூரிஸ்ட் வேன் ஓட்டினீர்கள்.

போன வருஷம் மாமா போன் செய்தார். நீங்கள் ஸ்பீக்கரில் போட்டீர்கள்.

"சுப்பையா, மகன்மார் காணிய விக்கப் போறாங்க. கொட்டகையும் போயிரும். ஒன் வண்டிய எடுத்துக்கோ."

"இன்னமும் அது எம் பேருலயா கெடக்கு?"

"பின்ன யாரு பேருல?"

அன்றைக்கு நீங்கள் சாப்பிடவே இல்லை.

அம்மா மட்டும் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

தூத்துக்குடிக்கு நாம் இரண்டு பேரும் போனோமே, அந்த ஏஜென்ட் நல்ல மனுஷன். ஐம்பது வருஷத்துக்கு மேல் பழசான வண்டியைக் கொண்டுவரலாம், தினசரி ரோட்டில் ஓட்டத்தான் கூடாது என்றார். "இந்தப் பக்கம் வழி இருக்குங்கய்யா. அந்தப் பக்கம் என்ன சொல்வாங்கன்னு என்னால சொல்ல முடியாது" என்றார். "அந்தப் பக்கம் குணபால இருக்கான்" என்றீர்கள் நீங்கள்.

எந்த வருஷத்து வண்டி என்பதற்கு அத்தாட்சி, சேஸிஸ் நம்பரைப் பென்சிலால் தேய்த்து எடுத்த தாள், வண்டிப் புத்தகத்தின் நகல் என்று மாமா ஒவ்வொன்றாக அனுப்பினார். அதில் உங்கள் பெயரின் ஆங்கில எழுத்து ஒரு மாதிரி, ஆதாரில் வேறு மாதிரி. நோட்டரியிடம் போய் உட்கார்ந்தோம்.

"ரெண்டு சுப்பையாவும் நான்தான்னு நானே சொல்றேனே, போதாதா சார்?"

"நீங்க வாயால சொன்னா பத்தாதுங்க. ஸ்டாம்ப் பேப்பர்ல சொல்லணும்."

சொன்னீர்கள். நிறுத்தி நிறுத்திக் கையெழுத்துப் போட்டீர்கள்.

தூத்துக்குடியிலிருந்து திரும்பும்போது வத்தலக்குண்டில் மலை பஸ்ஸுக்குக் காத்திருந்தோம். டீயைக் கையில் வைத்துக்கொண்டு நீங்களாகத்தான் ஆரம்பித்தீர்கள். எனக்கு முன்னால் செல்வி என்று ஒரு குழந்தை இருந்தாள் என்பது அதுவரை எனக்குத் தெரியாது. நடக்கத் தொடங்கியிருந்த பிள்ளை. காய்ச்சல் முற்றி வெட்டு, அதாவது வலிப்பு வந்து, தோட்டத்தில் வைத்துப் பார்க்க முடியாது என்ற டாக்டர் துரையிடமே கெஞ்சி வண்டியை வாங்கி, அம்மாவும் பிள்ளையும் பின் சீட்டில் இருக்க டவுன் ஆஸ்பத்திரிக்கு ஓட்டினீர்கள்.

"பாதி வழியில எஞ்சின் கொதிச்சிருச்சும்மா. ஓடையில தண்ணி மோந்து ஊத்த நின்னேன். நிக்காமப் போயிருந்தா பொழச்சிருப்பா."

"பின்ன ஏம்பா அந்த வண்டி நமக்கு?"

"அதுலதானே அவ கடேசியா இருந்தா. வேற என்ன இருக்கு எங்கிட்ட?"

பஸ் வந்துவிட்டது. அதற்குப் பிறகு நீங்கள் அதைப் பேசவில்லை. எனக்கும் கேட்கத் தைரியம் வரவில்லை.

மார்கழிப் பனி உங்கள் நெஞ்சில் இறங்கியது. திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் மூச்சுக் குழாயோடு இருக்கும்போதுகூட, "பேப்பர் வந்துச்சா?" என்று சைகையில் கேட்டீர்கள். வந்துகொண்டிருக்கிறது என்று சொன்னேன். மறுநாள் விடிவதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள்.

வண்டிக்கு உரியவர் இறந்துவிட்டால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டுமாம். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், அம்மாவின் சம்மதக் கையெழுத்து. தாலுகா ஆபீசுக்கு அலைந்ததைக்கூட நான் பெரிதாக நினைக்கவில்லை. அம்மாவின் கையெழுத்துத்தான் கிடைக்கவில்லை.

"அந்த வண்டி இந்த வாசலுக்கு வரக் கூடாது" என்றாள். "அவரு இருந்தப்ப அவருக்காக வாயப் பொத்திக்கிட்டு இருந்தேன். இப்ப யாருக்கு?"

"அப்பா ஆசைப்பட்டாரும்மா."

"ஒங்கப்பாவுக்கு என்ன தெரியும்?"

அந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. சில வாரம் கழித்து அவளே பேனாவைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். "வந்தா வரட்டும். நா அதுல ஏற மாட்டேன்" என்றாள். அனுப்பினேன். அதற்குத்தான் முடியாது என்று பதில் வந்தது.

மாமாவிடம் போனில் சொன்னேன். "அப்ப வந்து ஒருக்கா பாத்துட்டாவது போங்க. கொட்டகைய இடிக்க ஆள் சொல்லியாச்சு" என்றார். நான் மட்டும் போவதாக இருந்தேன். அம்மா டிரங்குப் பெட்டியை இழுத்துச் சேலைகளை எடுத்து வைக்க ஆரம்பித்தாள்.

"நானும் வாறேன்."

மதுரையில் விமானம் ஏறி, இரண்டு பேரும் மாமா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். குணபால மாமாவுக்குக் கண் சரியாகத் தெரியவில்லை, அப்பா. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "தங்கச்சி, சுப்பையா வரலியே" என்று அழுதார். நீங்கள் இல்லை என்று போனில் சொன்னதுதான். ஆனாலும் வாசலில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் வந்து நின்ற பிறகுதான் அவர் நம்பினார் போலிருக்கிறது.

வண்டி நான் நினைத்ததைவிடச் சின்னது. சாம்பல் நிறம். ஒரு பக்கம் டயர் மண்ணில் இறங்கியிருந்தது. சீட்டு உறை கிழிந்து தேங்காய் நார் தெரிந்தது. நான் முன்னால் போய் ஸ்டியரிங்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்கதவு திறக்கிற சத்தம் கேட்டது.

அம்மா ஏறி உட்கார்ந்துவிட்டாள். மடியில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு இருந்தாள். நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"கோயில் வளைவுலயே அவ போயிட்டா" என்றாள்.

எனக்கு முதலில் புரியவில்லை.

"ஓடைக்கு முன்னாடியே. எங் கையில இருந்த பிள்ள, எனக்குத் தெரியாதா? ஒங்கப்பா அதுக்குப் பொறவுதான் தண்ணி எடுக்க நிப்பாட்டினாரு. அந்த ரோட்டுல ஒரு பக்கம் பள்ளம். சொன்னா ஸ்டியரிங்க விட்ருவாருன்னு சொல்லல. ஆஸ்பத்திரி வரைக்கும் மடியிலயே வச்சிருந்தேன். டாக்டர்தான் அவருகிட்ட சொன்னாரு."

"பிறகாவது சொல்லியிருக்கலாமேம்மா."

"சொல்லணும்னுதான் நெனச்சேன். அன்னைக்குச் சொல்லல. கப்பல்ல சொல்லல. நீ பொறந்தப்ப சொல்லிரலாம்னு பாத்தேன். அதுக்குள்ள வருசம் ஓடிப் போச்சு. இத்தன நாளு ஏன்டி மறைச்சேன்னு கேட்டா நா என்ன சொல்ல?"

நீங்கள் கேட்டிருப்பீர்களா அப்பா? கேட்டிருக்க மாட்டீர்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அவளிடம் அதை எப்படிச் சொல்வேன்? தண்ணீருக்கு நின்றதையே நினைத்துக்கொண்டு நீங்கள் ஒரு பக்கம், சொல்லாததை நினைத்துக்கொண்டு அவள் ஒரு பக்கம். ஒரே வீட்டில், ஒரே அடுப்பு நெருப்பில் குளிர் காய்ந்தீர்கள். நான் நடுவில் உட்கார்ந்து பள்ளிக்கூடப் பாடம் எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மாமாவின் மகள் பக்கத்து டவுனில் இருக்கிறாள். அவள் வீட்டில் இடம் இருக்கிறது. வாரிசு என்ற முறையில் அம்மாவும் நானும் கையெழுத்துப் போட்டு, வண்டியை அவள் பேருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டோம். அந்தக் காகிதத்துக்கு ஒரு காலைப்பொழுதுதான் ஆனது. அம்மா தயங்கவே இல்லை. லாரியில் ஏற்றும்போது மட்டும் திரும்பி நின்றுகொண்டாள்.

வீட்டுக்கு வந்த அன்று, "நீதான் நல்லா எழுதுவியே. அவரு நின்னதுனால ஒண்ணும் ஆகலன்னு அவருக்கு எழுதிப் போடு" என்றாள். எங்கே போடுவது என்று நான் கேட்கவில்லை. எழுதிவிட்டேன், அப்பா. நீங்கள் தண்ணீருக்கு நின்றதால் எதுவும் ஆகவில்லை.

இப்போது அம்மா சில நாள் சாயங்காலம் மேகம் இறங்குகிற நேரத்தில் தானாகப் பேசுகிறாள். செல்விக்கு எந்தப் பல் முதலில் முளைத்தது, யாரைப் பார்த்தால் கையை நீட்டுவாள் என்று. சில நாள் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிடுகிறாள். நான் துருவிக் கேட்க மாட்டேன். அவள் பேசுகிற நாளில் எந்தச் சோலி இருந்தாலும் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்காருவேன். இனி இந்த வீட்டில் அவள் எதையும் தனியாக மடியில் வைத்துக்கொண்டு இருக்க விடமாட்டேன்.

உங்கள் இரண்டாவது மகள்,
புஷ்பம்