ஷைலாவின் ஃபோல்டர்

மாரிக்குப்பம்,
புதன் இரவு

அன்புள்ள ஜெனிட்டா,

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். மணி ஒன்றரை. போன் செய்தால் உன் வீட்டில் எல்லோரும் பதறி எழுந்துவிடுவார்கள் என்றுதான் மெயில். ஜாவா தெரிந்த ஆள் எனக்கு நீ ஒருத்திதான்.

விடிந்தால் பெங்களூரு பயிற்சி மையத்தில் கடைசித் தேர்வு. இரண்டு பேருக்கு ஒரு புரோகிராம். என் ஜோடி ஷைலா. ஓடினால் இருவருக்கும் வேலை, ஓடாவிட்டால் இருவருக்கும் இல்லை. வருகைப் பதிவுப் பகுதியை அவள் எழுதி, திறந்து திருத்த முடியாத கிளாஸ் ஃபைலாகக் கொடுத்தாள். நான் அதை என் புரோகிராமில் இம்போர்ட் செய்து சேர்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

தினமும் பயிற்சிக்குப் போகும் எங்கள் ரயில் பெட்டியில் பென்டிரைவ் கை மாறிக்கொண்டே இருக்கும். யாருடையது என்று தெரிய, அவரவர் ஏறும் ஸ்டேஷன் பெயரை ஃபோல்டருக்கு வைப்போம். ஷைலாவுடையது ஊரிகம். டிபன் பாக்ஸில் எழுதுகிற பெயர் போலத்தானே என்று ஃபைலை மட்டும் எடுத்துக்கொண்டு ஃபோல்டரை அழித்துவிட்டேன். இப்போது ஜாவா, ஊரிகம் என்று ஒரு பேக்கேஜே இல்லை என்கிறது. அவள் எழுதித் தந்த இம்போர்ட் வரியை எடுத்துவிட்டால், ஃபைலே தவறு, நீக்கு, இல்லாவிட்டால் சரியான ஃபோல்டரில் வை என்கிறது. நீக்கு என்பதைப் பார்த்ததும் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

இதைக் கேள். நேற்றுக் காலை ரயிலில் ஷைலா, “இன்னாக்கா, ஓடுச்சா?” என்று கேட்டபோது நான் ஆமாம் என்று தலையை ஆட்டிவிட்டேன். அந்த நம்பிக்கையில் அவள் இரவல் லேப்டாப்பில் இருந்ததையெல்லாம் அழித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். அவளுடைய இரண்டு மாத உழைப்பு இனி என்னிடம் மட்டும்தான் இருக்கிறது.

அதே பெயரில் ஃபோல்டர் செய்து பென்டிரைவில் வைத்துப் பார்த்தேன். அப்போதும் இல்லை என்றே சொல்கிறது. என் புரோகிராம் இருப்பது டெஸ்க்டாப்பில். அதுதான் காரணமா? மாமியார் எழுந்து வந்து, அந்தப் பொட்டியும் தூங்காது, நீயும் தூங்கமாட்ட போலக்குது என்றார். சிரித்து வைத்தேன். என் வீட்டுக்காரர் ராகுலன் நைட் ஷிப்ட், அவருக்கும் இந்த விஷயம் தெரியாது. ஆறு மாதமாகப் பாப்பா கண் விழிக்கும் முன்பே ரயில் ஏறுகிறேன், ஜெனிட்டா. இந்த வேலை கிடைக்காவிட்டால் அதெல்லாம் எதற்கு?

விடியற்காலை ரயிலில் ஷைலா ஏறியதும் உண்மையைச் சொல்லிவிடுவேன். சரிசெய்துவிட்டேன் என்றும் சேர்த்துச் சொல்ல முடிந்தால் போதும். நீயும் உன் பிள்ளைகளும் நலமாக இருங்கள்.

ஃபோல்டரை எங்கே வைக்க வேண்டும் என்று மட்டும் எழுது. நான் ரயிலுக்குக் கிளம்பும் முன், ஐந்து மணிக்குள் பதில் போடு.

உன்
நிவேதா