நீல லேபிள் கேசட்

மார்ச் 3, செவ்வாய்

அக்காவுக்குத் தேதி குறித்துவிட்டார்கள். பதினெட்டாம் தேதி குரல்வளையை எடுக்கிறார்கள். "எடுத்துட்டா பயமில்லை" என்றார் டாக்டர், ஏதோ சொத்தைப் பல்லைப் பிடுங்குகிற மாதிரி. உயிருக்குப் பயமில்லை, சரி. ஐம்பத்திரண்டு வருடமாக என்னைத் திட்டி வளர்த்த குரல் அது.

முப்பது வருடம் டப்பிங் பேசியவள். அழுகிற கூட்டத்தில் ஒருத்தி, நர்ஸ், போனில் "ராங் நம்பர்". உருப்படியாகக் கிடைத்தது ஒன்றுதான். நாங்கள் 'கடிதப் படம்' என்று சொல்கிற பழைய படத்தில் கதாநாயகி கடிதம் படிக்கும் நாலு நிமிஷம். வழக்கமாகக் குரல் கொடுப்பவருக்கு அன்று ஜலதோஷம். முதலில் வந்த நீல லேபிள் வீடியோ கேசட்டில் மட்டும் அக்கா குரல். மஞ்சள் லேபிளிலும் பிறகு வந்த டிஸ்க்கிலும் ஜலதோஷம் குணமாகிவிட்டது, அவரே பேசிவிட்டார்.

அந்த நீல லேபிள் எங்கள் வீட்டில் இருந்தது. இருந்தது!

மார்ச் 5

எழுதியே தொலைக்கிறேன். அழித்தது நான்தான்.

கடையில் விற்கும் படக் கேசட்டின் முதுகில் ஒரு சின்னக் குழி இருக்கும். அது இருந்தால் மெஷின் அதன்மேல் எதையும் பதியாது. வெற்றுக் கேசட்டில் அந்த இடத்தில் ஒரு பிளாஸ்டிக் துண்டு. அதை உடைத்தால் அதுவும் பத்திரம். டிவியில் முதன்முதலாக என் நகைச்சுவைப் பேச்சு வந்த நாளில் வீட்டில் வெற்றுக் கேசட் இல்லை. குழியின்மேல் பிளாஸ்திரியை ஒட்டி, சிவப்புப் பட்டனை அமுக்கினேன். அக்கா படத்தைச் சரியாகக் கடிதக் காட்சிக்குச் சுற்றி வைத்திருந்தாள் என்று எனக்கு எப்படித் தெரியும்? அன்றிலிருந்து அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஊரைச் சிரிக்க வைக்கிற மூஞ்சியைப் பார்!

மார்ச் 9

இன்னொரு நீல லேபிள் தேடி ஏழு கடை. எல்லாக் கேசட் கடையும் இப்போது செல்போன் கவர் விற்கிறது. எட்டாவது கடைக்காரர் தூசி தட்டி ஒன்றைக் கொடுத்தார். நீல அட்டை! பஸ்ஸில் அழுதுவிட்டேன், பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து வேறு இடம் போனார். வீட்டில் திறந்தால் உள்ளே மஞ்சள் லேபிள்.

மார்ச் 12

இன்னும் ஆறு நாள். ஒன்றுமில்லை.

மார்ச் 15

அக்காவிடம் சொல்லிவிட்டேன். அவள் குரல் ஏற்கனவே காற்றாகத்தான் வருகிறது.

"அக்கா, அந்தக் கேசட்ல..."

"தெரியும்டா. உன் பேச்சு ஆரம்பிக்கிற வரைக்கும் எத்தனை தடவை போட்டுப் பாத்திருக்கேன். நாலு நிமிஷம் பேசினே. ஒருத்தனாவது சிரிச்சானா?"

"ஏன் கேக்கல?"

"கேட்டா நீ அழுவே. அதைப் பாக்கச் சகிக்காது."

அழுதேன். சகிக்கவில்லையாம், முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மார்ச் 18

ஏழே காலுக்கு உள்ளே கொண்டுபோனார்கள். கடைசியாக அவள் பேசியது: "டேய், சட்டைப் பட்டனை மாத்திப் போட்டிருக்கே."

சரிசெய்யவே மனசு வரவில்லை. அப்படியே வீட்டுக்கு வந்தேன்.

மார்ச் 27

தேறிவிட்டாள். சிலேட்டில் எழுதுகிறாள். திட்டும்போது பல்பம் உடைகிறது.

இனி எதற்குத் தேட வேண்டும்? யாருக்காக? ஆனாலும் காலையில் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறேன். "ஏங்க, சாப்பிட்டாவது போங்க" என்கிறாள் மனைவி. அதற்குள் தெருமுனையில் இருப்பேன்.

ஏப்ரல் 4

எட்டாவது கடைக்காரர், அதே நீல அட்டைப் புண்ணியவான், கூப்பிட்டார். மஞ்சளைக் கொடுத்த குற்ற உணர்ச்சி போலிருக்கிறது.

"சார், வித்தது போக மிச்சம் கொஞ்சம் என் மச்சான் வீட்ல கிடக்கு. வாஷிங் மெஷின் காலுக்கு அடியில முட்டுக் கொடுத்திருக்கான்."

போனேன். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. துவைத்து முடியும்வரை தரையில் கன்னத்தை வைத்து லேபிள் பார்த்தேன். மச்சானின் மனைவி, பைத்தியமா என்று கண்ணாலேயே கேட்டாள். மூன்றாவது காலுக்கு அடியில் நீலம். உள்ளேயும் நீலம்!

ஏப்ரல் 6

டேப் முழுக்கப் பூஞ்சை. வீடியோ மெக்கானிக் ஒரு நாள் முழுக்கத் துடைத்திருக்கிறார். அக்காவையும் மனைவியையும் கூட்டிக்கொண்டு அவர் கடைக்குப் போனேன்.

"ஒரு தடவை ஓடும் சார். அப்பவே காப்பி எடுத்துக்கணும். ரெண்டாவது தடவைக்கு நான் பொறுப்பில்லை. வெத்து கேசட் போட்டிருக்கேன், சிவப்புப் பட்டனை அமுக்குங்க."

விரல் நகரவில்லை. அதே சிவப்பு. அக்கா சிலேட்டால் என்னை இடித்துத் தள்ளிவிட்டு, தானே அமுக்கினாள்.

கதாநாயகி கடிதத்தைப் பிரித்தாள். அக்காவின் இருபத்திரண்டு வயதுக் குரல் அந்தச் சின்ன அறையில் வந்தது. திரும்பிப் பார்த்தால் அக்காவின் உதடும் அசைகிறது. கதாநாயகியின் உதட்டைவிடச் சுத்தமாக, ஒரு எழுத்துக்கூடத் தவறாமல். கழுத்துக் கட்டுக்கு மேலே அந்த உதடு பேசிக்கொண்டே இருந்தது. மெக்கானிக் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டார். என் மனைவி மூக்கை உறிஞ்சினாள்.

கடிதம் முடிந்ததும் படம் கோடுகோடாகி, டேப் அறுந்தது. காப்பி தப்பித்தது.

அக்கா அதை வெளியே எடுத்தாள். திருப்பினாள். கொண்டை ஊசியைச் செருகி, முதுகிலிருந்த பிளாஸ்டிக் துண்டை டக்கென்று உடைத்துப் போட்டாள். அப்புறம் சிலேட்டில் எழுதி என் மனைவியிடம் காட்டினாள்:

'வீட்ல பிளாஸ்திரி எங்கே இருக்குன்னு இவன்கிட்ட சொல்லாதே.'