உறைக்கு ஒரு கரண்டி

2008 மே 17, சனிக்கிழமை, காலை 6.40. ஆறு கல்ச்சர் தட்டு. முளைத்தது பூஜ்யம்.

இரண்டு முறை எண்ணினேன். பூஜ்யத்தை இரண்டு முறை எண்ணுகிற மடையன் எவன் என்று நீ கேட்பாய். கேள். கேட்க முடிந்தால் கேள்.

செத்தது நாம் லேபில் வைத்திருந்த உன் கிருமிக் கலவை பாட்டில். உன்னை எடுத்துக்கொண்டு போன நாளிலிருந்து இந்தப் புதன்கிழமை வரை நான் இந்தப் பக்கம் வரவில்லை. அதற்குள் இன்க்யுபேட்டரின், அந்தச் சூட்டுப் பெட்டியின், தெர்மோஸ்டாட் மாட்டிக்கொண்டு, சூடு ஏறி, உள்ளே இருந்ததெல்லாம் வெந்துவிட்டது. எதாவது மிஞ்சியிருக்குமா என்று புதன்கிழமை அதிலிருந்து தேய்த்து வைத்த தட்டுகள்தான் இவை.

தட்டுகளுக்குப் பக்கத்தில் ஓர் எவர்சில்வர் டப்பா இருக்கிறது. மூடியைத் திறந்தால் புளிப்பு, அதன் அடியில் கனிந்த வாழைப்பழ வாடை. உன் பாட்டிலைத் திறக்கும்போது வருமே, அது. அல்லது அது மாதிரி ஒன்று. மூக்கை நம்பி முடிவு சொல்லக் கூடாது என்று உன்னிடம் கத்தியவன் நான். விடிந்ததிலிருந்து அந்த மூடியைத் திறந்து திறந்து மோந்துகொண்டிருப்பவனும் நான்தான்.

உன் அம்மாவுக்கு டைஃபாய்டு வந்த வருஷம் நினைவிருக்கிறதா? மாத்திரைக்கு மேல் மாத்திரை. காய்ச்சல் போயிற்று, வயிறு திரும்பவில்லை. கெட்ட கிருமியோடு குடலில் இருந்த நல்ல கிருமியும் போய்விட்டது என்றார் டாக்டர். மருந்துக் கடை கேப்ஸ்யூல் ஒத்துவரவில்லை. ஒரு நாள் தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் டீயைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னாய்: "அதுல இருக்கறது ஒத்தை ஆளுடா. காலியான ஊருக்கு ஒருத்தனை மட்டும் அனுப்பினா அவன் இன்னா பண்ணுவான்? குடும்பத்தோட அனுப்பணும்."

"கல்யாணப் பத்திரிகை அடிச்சிடலாமா மச்சான்?" என்றேன். நீ சிரிக்கவில்லை. அப்போதே ஆரம்பித்துவிட்டாய் என்று எனக்குப் புரிந்தது.

லேப் வேலை முடிந்த பிறகு மாதக்கணக்கில் உட்கார்ந்தாய். இரண்டு லாக்டோபேசில்லஸ், ஒரு பிஃபிடோ என்று மூன்று பாக்டீரியா, கூடவே ஒரு ஈஸ்ட். பிஃபிடோவுக்கு ஆக்சிஜன் ஆகாது. ஈஸ்ட் ஆக்சிஜனைத் தின்று தீர்த்தால்தான் பிஃபிடோ பிழைக்கும். தனித்தனியாக வளர்த்துப் பிறகு கலந்தால் ஏதாவது ஒன்று மற்றதை அமுக்கிவிட்டது. எத்தனையோ பாட்டில் சாக்கடைக்குப் போன பிறகு ஒரே ஒரு பாட்டிலில் நான்கும் நிலைத்தன. அதிலிருந்து எடுத்துத்தான் அடுத்தது, அதிலிருந்து அடுத்தது. உன் வீட்டுக்கு எப்போது வந்தாலும் எனக்கும் ஒரே உத்தரவு: "குடிக்கறதுக்கு முன்னாடி உறைக்கு ஒரு கரண்டி எடுத்து வை."

அம்மாவுக்குச் சாப்பாடு தங்க ஆரம்பித்தது. அது உன் கலவையாலா, மருந்தாலா, வெறும் நாள் போனதாலா, நிரூபிக்க வழியில்லை என்றேன். நீ சண்டைக்கு வரவில்லை. "நேத்து ரெண்டாந்தடவை சோறு கேட்டாங்கடா" என்றாய். அவ்வளவுதான்.

ஆனால் ஒன்று. கிளிசரால் ஊற்றி நாலு குழாயில் அடைத்து ஃப்ரீசரில் போடு, வருஷக்கணக்கில் சாகாது, போடு என்று எத்தனை முறை சொன்னேன்? "அடுத்த வாரம் பண்ணிக்கலாம் மச்சான்." குரோம்பேட்டை சிக்னலில் அந்த லாரி அடுத்த வாரம் வரைக்கும் பொறுக்கவில்லை. உன் மேல் எனக்குப் பயங்கர ஆத்திரம். செத்தவன் மேல் ஆத்திரப்படக் கூடாதாம். யார் சொன்னது?

நேற்று சாயங்காலம் ராஜகீழ்ப்பாக்கம் போனேன். உன் வீட்டு ஃப்ரிட்ஜில் இன்னொரு பாட்டில் இருந்ததே, அதை எடுத்து வரத்தான் போனேன். ஃப்ரிட்ஜ் துடைத்து வைத்தது போல் இருந்தது. உன் அத்தையிடம் கேட்டேன்.

"சாவு வீட்ல பழசு வெச்சிக்கக் கூடாதுப்பா. மாவு, பால், மோர் எல்லாத்தையும் அன்னைக்கே கொட்டிட்டேன். அந்த பாட்டில் ஒரே புளிச்ச நாத்தம். கெட்டுப்போன மோர்னு நெனச்சேன்."

அவரை என்ன சொல்வது? எந்த வீட்டிலும் அதைத்தான் செய்வார்கள். வாசலில் நின்று சாக்கடையைப் பார்த்தேன். முட்டாள்தனமாக, அதிலிருந்து ஒரு சொட்டு எடுக்கலாமா என்று யோசித்தேன். உண்மையாகவே யோசித்தேன்.

அம்மா மறுபடியும் கட்டிலில் சுருண்டு கிடந்தார். ரசம் கூடத் தங்குவதில்லை. திங்கட்கிழமைக்குள் சாப்பாடு இறங்கவில்லையென்றால் அட்மிட் செய்யணும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். காரணம் வயிறா, நீ இல்லாததா என்று டாக்டருக்கே தெரியவில்லை.

அப்போது பக்கத்து வீட்டு ஷமீம் அக்கா தயிர் சாதத்தோடு வந்தார். நீ போன நாளிலிருந்து உங்கள் வீட்டுக்கு அவர் அடுப்பிலிருந்துதான் சாப்பாடு. அம்மா ஒரு வாய் வாங்கினார். மெல்லவில்லை. அக்காவைப் பார்த்தார்.

"ஷமீம், இது எங்க வீட்டு மோரா?"

"ஆமாக்கா. போன நோன்பு மாசம் உங்ககிட்டதானே உறை வாங்கினேன். அதையேதான் ஊத்திகினு வரேன்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்த மாதம்தான், வீட்டில் மோர் இல்லையென்று அம்மா உன் பாட்டிலிலிருந்து ஊற்றித் தயிர் தோய்த்தது. நீ குதித்தாய்: "அம்மா, அது லேப் கல்ச்சர்!" "மோர்தானேடா, எவ்ளோ கெட்டியா உறைஞ்சிருக்கு பாரு" என்றார் அம்மா.

"அக்கா, நடுவுல ஒரு நாள் கூட கடைத் தயிர் கலக்கலியா?"

"இன்னா தம்பி, போலீஸ் கணக்கா கேக்கறே? நல்லா தயிர் கீது, கடையில எதுக்கு வாங்கணும்?"

"ஊருக்குப் போனப்போ?"

"மாமியார் ஊத்துவாங்க. அவுங்க என்னைவிட கண்டிப்பு."

அம்மா மூன்று கவளம் சாப்பிட்டார். நான் கிளம்பும் வரை அது வெளியே வரவில்லை. அக்கா அந்தத் தயிரை இந்த எவர்சில்வர் டப்பாவில் போட்டுக் கொடுத்தார்.

மயங்காதே என்று எனக்கே சொல்லிக்கொள்கிறேன். எட்டு மாதம், திறந்த பாத்திரம், சமையலறைக் காற்று. பிஃபிடோ தாங்கியிருக்க நியாயமே இல்லை. சற்று முன் ஒரு துளியை மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். குச்சி குச்சியாய் நிறைய, நடுவே மொட்டு விட்ட ஒரு ஈஸ்ட். அது உன்னுடையதா, காற்றில் வந்ததா, சொல்ல முடியாது. நீ இருந்தால் இந்நேரம் குதித்திருப்பாய். நான் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இனிச் செய்யப்போவது:

1. இந்தத் தயிரைக் கரைத்துப் புதிதாக ஆறு தட்டில் தேய்ப்பேன். மூன்று வெளியே, மூன்று பிஃபிடோவுக்காகக் காற்றில்லாத ஜாடியில்.

2. தெர்மோஸ்டாட்டை நம்ப மாட்டேன். தெர்மாமீட்டரைச் செருகிவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன்.

3. திங்கட்கிழமை காலை எண்ணுவேன். நான்கும் இருந்தால் அந்த நிமிஷமே ஃப்ரீசருக்கு. அடுத்த வாரம் என்ற பேச்சே கிடையாது.

4. மூன்றுதான் இருந்தால் நான்காவதைத் தேடுவேன். எங்கே என்று தெரியாது.

5. ஒன்றுமே வராவிட்டாலும், டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, ஷமீம் அக்காவிடம் இன்னொரு டப்பா வாங்கி, அம்மாவுக்குச் சோறு பிசைந்து கொடுப்பேன்.

6. பிசைவதற்கு முன்னாடி, உறைக்கு ஒரு கரண்டி எடுத்து வைப்பேன்.