எண்ணெய்க் கையும் தடித்த கார்டும்

உன் கேமராப் பையைத் திறந்ததும் எண்ணெய் வாடைதான் மூஞ்சியில் அடித்தது. நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது, குற்றாலத்து எண்ணெய் இன்னும் போகவில்லை. பையைக் கொடுத்தவள் உன் மனைவி. "அண்ணே, சுவத்துல மாட்ட ஆதார் படத்தத்தான் பெருசாக்கி வச்சிருக்கேன். களவாணி மாதிரி முழிக்காக. சிரிச்ச மாதிரி ஒண்ணு இதுல இருக்கும்லா?" என்றாள்.

இருக்கும். எடுப்பது எப்படி? கேமரா உயிர் விட்டுவிட்டது. படம் பதியும் மெமரி கார்டோ, ஊரே நகத்தளவு கார்டுக்கு மாறிய பிறகும் நீ கட்டிக்கொண்டு அழுத அந்தத் தடியன். கம்ப்யூட்டரில் ஏற்றி வை என்று எத்தனை தடவை கத்தியிருப்பேன்! "கம்ப்யூட்டர் என்னிக்கு வேணாலும் செத்துரும், கார்டு சாவாதுலே" என்பாய். இப்போது யார் செத்தது, சொல்லு!

தென்காசியில் ஒரு கார்டு ரீடர் வாங்கினேன். எல்லாக் கார்டும் போகும் என்று அட்டையில் போட்டிருந்தது. வீட்டில் வந்து பார்த்தால் உன் கார்டைத் தவிர எல்லாம் போகும். சுரண்டையில் வாங்கியதில் கார்டு நுழைந்தது, படம் தெரியும் முன்பே ரீடர் அணைந்தது. மறுபடி தென்காசிக் கடைக்கே போனால், "கார்டக் கையில கொண்டாந்து, ஓட்டையப் பாத்துல்லா ரீடர் வாங்கணும் அண்ணாச்சி? கோணலா அமுக்கிராதிய, உள்ள கம்பி வளைஞ்சிரும்" என்று கடைக்காரரிடம் எனக்கு ஏச்சு. உனக்கு விழவேண்டிய ஏச்சு அது.

அவர் எடுத்துக் கொடுத்த ரீடரில், கடையிலேயே, திறந்தது. பார்த்தால் எல்லாம் நான்! அருவிக்கடியில் வாய் பிளந்த நான், பரோட்டாவைப் பிய்க்கும் நான். உன்னை எடுக்கிறேன் என்றால்தான் "ஒன் கை ஆடும்லே" என்று கேமராவைத் தரமாட்டாயே. எரிச்சலில் எழுந்துவிட்டேன். அப்போதுதான் கடைசிப் படம் வந்தது.

உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு குளிக்க வரிசையில் நிற்கும்போது, கேமராவை உன் பக்கம் திருப்பியிருக்கிறாய். துடைக்காத விரல் லென்ஸில் பட்டிருக்கிறது. பாதி முகம் மங்கல், மிச்சப் பாதி முழுக்கச் சிரிப்பு. உன்னைக் கண்டதும் அங்கேயே அழுதுவிட்டேன்.

மங்கலைச் சரிபண்ணித் தருகிறேன் என்றார் கடைக்காரர். உன் மனைவியிடம் போனில் கேட்டேன். "அந்த எண்ணெய அழிச்சிட்டா அது அவுகளே இல்ல. அப்படியே போடச் சொல்லுங்க" என்றாள்.

படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றியாயிற்று. இருந்தும் கார்டை அழிக்க மனம் வரவில்லை; என் சட்டைப்பையில்தான் கிடக்கிறது. நான் கையைத் துடைத்துவிட்டுத்தான் அதைத் தொடுகிறேன், எருமை.