பொம்மை வீட்டின் முன்சுவர்

பாய்,

இன்று காலை நம்முடைய ரொட்டி டப்பாவைத் திறந்தேன். மூடி இறுகிப்போயிருந்தது. கரண்டிக் காம்பை விட்டு நெம்ப வேண்டியிருந்தது. உலர்ந்த பெவிகால், வார்னிஷ், மரத்தூள் என்று பழகிய வாசனைகள் முதலில் வந்தன. கொஞ்சம் பொறுத்து, அடியில் கிடந்த உங்கள் உப்புத்தாளிலிருந்து அத்தர் வாசனை வந்தது. உப்புத்தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வீர்கள். அத்தர் தோய்த்த பஞ்சும் அதே பையில்தான் இருக்கும். மூடியைக் கையில் பிடித்தபடி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். இப்போதெல்லாம் எந்த வேலையைத் தொடங்கினாலும் முதலில் கொஞ்சம் உட்கார வேண்டியிருக்கிறது.

டப்பாவில் இருப்பதெல்லாம் நீங்கள் அறிந்ததுதான். இருந்தாலும் பழக்கம் விடவில்லை, ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் வரிசையாகப் பரப்பினேன். நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைந்த நாளிலிருந்து என்னோடு இருக்கும் இரும்பு அடிக்கோல். தள்ளினால் நீளும் பிளேடு கத்தி. துணி சுற்றிய ஹேக்ஸா பிளேடுத் துண்டு. முள் எடுக்கும் இடுக்கி. சந்துகளில் பசை விடுவதற்காக ஊசிமுனையை மழுக்கி வைத்த சிரிஞ்சு. பசை காயும்வரை பலகையைக் கவ்விப் பிடித்துக்கொள்ளத் துணி காயப்போடும் கிளிப்புகள். கடைசியாக, மருந்து முக்காத தீக்குச்சி ஒரு கட்டு. ஜன்னல் கம்பி, படிக்கட்டுக் கைப்பிடி, கூரைச் சட்டம் எல்லாமே நமக்கு அந்தக் குச்சிகள்தான்.

"வெளியூர்ல பொம்மை வீட்டுக்குன்னே தனியா மரச்சாமான் விக்கிதாவளாம் சார். நம்மூர்ல தீப்பெட்டி ஆபீஸ் வாசல்ல நின்னாப் போதும், ஒரு தெருவையே கட்டிரலாம்" என்பீர்கள்.

அந்த வீட்டை என்னிடம் கொண்டுவந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. பங்குனி வெயிலில், மடியில் அதை வைத்துக்கொண்டு ஆட்டோவிலிருந்து இறங்கினீர்கள். சபீனா சின்னப் பெண்ணாக இருந்தபோது, உங்கள் ஹார்டுவேர் கடைக்குக் கண்ணாடி வந்த பெட்டிப் பலகையில் நீங்களே செய்து கொடுத்த மாடி வீடு அது. இப்போது அவள் தூத்துக்குடியில், பேச்சு எளிதில் வராத பிள்ளைகளுக்கான பள்ளியில் ஆசிரியை. முகத்தைப் பார்த்துக் கேட்டால் பதில் சொல்லாத பிள்ளை, பொம்மை வீட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு தானாகப் பேசும் என்று உங்களிடம் சொல்லியிருக்கிறாள். அடுத்த ஆண்டு பள்ளி திறக்கும்போது தன் பழைய வீடு வகுப்பில் இருக்க வேண்டும் என்பது அவள் ஆசை.

"பாருங்க சார், வீடா இது? எலிச் சத்திரம்."

திருப்பிப் பார்த்தேன். அடிப்பலகையைக் கரையான் தின்றிருந்தது. மாடிப்படி பாதியில் நின்றது. முன்சுவர் இருந்த இடத்தில் துருப்பிடித்த கீல் மட்டும் தொங்கியது.

"அளவு எடுக்கணும் பாய். வரைபடம் ஒண்ணு போட்டுட்டு..."

"போடுங்க. ஆனா உங்க ஆபீஸ்ல பட்டா மாத்துத மாதிரி வருசக்கணக்கா இழுத்திராதீங்க. நான் இருக்கும்போதே குடி போவணும்."

விளையாட்டாகத்தான் சொன்னீர்கள்.

நாம் வேலை செய்த விதத்தை யாராவது பார்த்திருந்தால் சிரித்திருப்பார்கள். நான் கட்டத் தாளில் கோடு போட்டு, அழித்து, மறுபடி போட்டு, பிறகும் கத்தியை எடுக்கத் தயங்குவேன். நீங்கள் கண்ணளவில் வெட்டிவிடுவீர்கள். ஒட்டிய பிறகுதான் கோணல் தெரியும். பிரித்து மறுபடி ஒட்டுவோம். நான் ஒரு பலகையை உப்புத்தாளால் தேய்க்கத் தொடங்கினால் நீங்கள் டீ குடித்துவிட்டு வருவீர்கள்.

"இன்னுமா தேய்க்குதீங்க? பலகை கரைஞ்சு கடைசீல எனக்குத் தூளுதான் மிஞ்சும் போல."

முன்சுவரை மட்டும் என்னிடம் விட்டுவிட்டீர்கள். வீட்டின் முன்பக்கம் முழுவதையும் மூடும் ஒற்றைப் பலகை. ஒரு பக்கம் கீல், மறுபக்கம் இழுப்பதற்குச் சட்டைப் பித்தான். திறந்தால் கீழறை, மேலறை எல்லாம் ஒருசேரத் தெரியும். கத்திரி வெயிலில் அதைச் செதுக்கிப் பொருத்தினேன். இடுக்கில் ஒரு தாள்கூட நுழையாது. நீங்கள் திறந்து திறந்து மூடினீர்கள்.

"தீப்பெட்டி தோத்துச்சு சார்!"

இரண்டு பேருக்குமே மழை நினைவுக்கு வரவில்லை. காய்ந்த வெயிலை நம்பித் தீப்பெட்டி செய்து பிழைக்கிற ஊரில் இருந்துகொண்டு, மரம் நீர் குடித்துப் பருக்கும் என்பதை இரண்டு கிழவர்களும் மறந்துபோனோம்.

ஐப்பசி பிறந்தபோது மேலறைச் சுவருக்குத் தாள் ஒட்டுவது மட்டும் பாக்கி. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் பரிசுப்பொருள் சுற்றும் தாள் வாங்கி வந்திருந்தீர்கள். மஞ்சள் தாளில் வரிசை வரிசையாகப் பச்சைக் கிளிகள். மூலையில் ஒரு கிளி பாதியாக வெட்டுப்பட்டுவிடக் கூடாதென்று சுவரில் பென்சிலால் கோடுகள் போட்டேன். ஒட்டுவதற்கு முன் இன்னும் ஒருமுறை சரிபார்க்க வேண்டும் என்றேன்.

"சரி பாத்தது போதும். மைதா காய்ச்சி மயில்துத்தம் போட்டு வெச்சிருக்கேன், கரப்பான் கிட்ட வராது. நானே ஒட்டிட்டு வாரேன்" என்று வீட்டைத் தூக்கிக்கொண்டு ஆட்டோ ஏறிவிட்டீர்கள். அன்று சாயங்காலமே மழை பிடித்துக்கொண்டது.

மழை விட்ட இடைவேளையில் பொம்மை வீட்டோடு திரும்பி வந்தீர்கள். பித்தானைப் பிடித்து இழுத்தேன். முன்சுவர் அசையவில்லை.

"இழுக்காதீங்க, பித்தான் கையோட வந்துரும். நான் பாக்காத பாடா? உள்ள ஒரு வேலை பாத்து வெச்சிருக்கேன். பாத்தா அசந்துருவீங்க."

"என்ன வேலை?"

"சொன்னா என்ன இருக்கு? எதுனா பெசகியிருந்தா திட்டுங்க. இத்தனை வருசத்துல நீங்க ஒருத்தரையும் திட்டிக் கேட்டதில்ல. எனக்காவது ஒரு திட்டு கெடைக்கட்டும்."

அந்த வாரமே நீங்கள் போய்விட்டீர்கள். வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குக் கிளம்பும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை என்றார்கள். அடக்கத்துக்கு வந்திருந்தேன். கரிசல் மண் செருப்பில் அப்பி ஒவ்வோர் அடிக்கும் கால் கனத்தது. குழி ஓரத்தில் தயங்கி நின்ற என்னை உங்கள் மகன் காதர் கைப்பிடித்து அழைத்துப்போய், மண் போடச் சொன்னான். அள்ளினேன். ஈர மண் விரல்களை விட்டு விழ மறுத்தது. மற்றொரு கையால் வழித்துத்தான் போட்டேன்.

பிறகு ஒருநாள் சபீனாவும் காதரும் என் வீட்டுக்கு வந்தார்கள். காதர் கையில் ஸ்க்ரூ டிரைவர்.

"ஒரு நெம்பு நெம்புதேன் சார். டப்புன்னு வந்துரும்."

"வேண்டாம் தம்பி."

"ஒடஞ்சா என்ன, கடையில பலகையா இல்ல? புதுசா போட்டுக்கிடலாம்."

"சுவரு போனாப் போகுது. மேலறையில உங்க அத்தா ஒட்டின தாள் இருக்கு. ஓரத்துல பசை வழிஞ்சு ஒட்டியிருந்தா, நெம்பும்போது அது கிழிஞ்சுரும்."

"அப்ப எப்பத்தான் தொறக்கும்?"

"வெயில் வரட்டும்."

மூளை பிசகியவனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தான். தவறில்லை. நானே என்னை அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சபீனாதான் அவன் கையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை வாங்கினாள். "சார் சொல்லுத மாதிரியே இருக்கட்டும்ணே. ஸ்கூல் தொறக்க நாள் கெடக்கு."

என் சொந்த ஊரான பசுவந்தனையில் எங்கள் வீட்டு வாசற்கதவு மழைக்காலத்தில் இறுகிக்கொள்ளும். கொல்லை வழியாகத்தான் புழங்குவோம். வெயிலில் தரை வெடிக்கத் தொடங்கியதும் கதவு தானாக இளகிவிடும். நான் நம்பியது அந்த ஒன்றைத்தான். ஆனால் என் நம்பிக்கை எத்தனை நாள் தாங்கும் என்று உங்களுக்குத் தெரியும். தை போயிற்று. மாசி போயிற்று. தினமும் காபி குடித்துவிட்டுப் பித்தானை ஒருமுறை மட்டும் மெதுவாக இழுப்பேன். அசையாது. மரம் பருத்ததல்ல, பசைதான் வழிந்து கெட்டியாகிவிட்டது என்று ஒருநாள் தோன்றும். மறுநாள் பூதக்கண்ணாடியால் ஓரத்தைப் பார்ப்பேன், ஒன்றும் தெரியாது. அன்றே நெம்பியிருக்கலாமோ என்று தோன்றும். ஞாயிற்றுக்கிழமைகளில் சபீனா போன் செய்வாள்.

"தொறந்துச்சா சார்?"

"இல்லம்மா."

"சரி சார்."

அவள் கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. அந்தச் 'சரி' என்னை மிகவும் களைப்பாக்கியது. உங்களிடமிருந்து அவளுக்கு வரவேண்டிய கடைசிப் பொருளை நான் வெறுமனே உட்கார்ந்து காவல் காத்துக்கொண்டிருந்தேன். பள்ளி திறக்கும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

சித்திரையில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, மின்சாரம் நின்று வெறுந்தரையில் படுத்திருந்தேன். மேசைப் பக்கமிருந்து 'டிக்' என்று ஒரு சத்தம். பல்லி என்று நினைத்தேன். இரண்டாவது முறை கேட்டதும்தான் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். முன்சுவரின் ஓரத்தில் மயிரிழைபோல ஒரு கறுப்புக் கோடு விழுந்திருந்தது. நகத்தை வைத்தால் திறந்துவிடும். வைக்கவில்லை. சபீனாவுக்குப் போன் செய்தேன்.

அடுத்த பேருந்திலேயே வந்துவிட்டாள். பித்தானைப் பிடித்து அவள்தான் இழுத்தாள். ஒரு சத்தமும் இல்லாமல், நீங்கள் மெச்சிய தீப்பெட்டிபோலவே, அது திறந்தது.

மேலறையில் அத்தனை கிளிகளும் தலைகீழாக நின்றன, பாய்.

ஒன்றுகூட நிமிர்ந்து நிற்கவில்லை. ஆனால் என்னை உறைய வைத்தது அது அல்ல. நான் போட்டிருந்த பென்சில் கோடுகளில் தாள் இம்மியும் பிசகவில்லை. சுருக்கம் இல்லை, கொப்புளம் இல்லை. மூலையில் ஒரு கிளிகூட வெட்டுப்படவில்லை. கண்ணளவில் வெட்டுகிறவர், ஒட்டிப்போட்டுப் பார்ப்போம் என்கிறவர், என் கோட்டை மதித்து அத்தனை பொறுமையாக ஒட்டியிருக்கிறீர்கள். தாளைத்தான் தலைகீழாகப் பிடித்திருக்கிறீர்கள். பாத்தா அசந்துருவீங்க என்று சொன்னது இதைத்தான்.

சபீனா குனிந்து பார்த்தாள். தலையைச் சாய்த்துப் பார்த்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கத் தொடங்கினாள். நீங்கள் போனபிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

"அத்தா மூக்குக்கண்ணாடி போடாம ஒட்டிருக்காவ சார்! மஞ்சளும் பச்சையுந்தான் தெரிஞ்சிருக்கும்."

என் கை தானாகத் தண்ணீர்க் கிண்ணத்தைத் தேடியது. "மைதாப் பசைதாம்மா. நனைச்சு மெதுவா உரிச்சுரலாம். வேற தாள் வாங்கி, ஸ்கூல் தொறக்கிறதுக்குள்ள..."

"வேண்டாம் சார்." சிரிப்பு அடங்கிவிட்டது. "எங்க பிள்ளைங்க சரியா இருக்குததைப் பாத்து ஒண்ணும் சொல்லாது. தப்பா இருந்தாத்தான் பொறுக்காது. இதைச் சொல்லுததுக்காவது ஒரு பிள்ளை வாயத் தொறக்கும்."

கிண்ணத்தைக் கீழே வைத்தேன். அவள் கிளம்பும் முன் ஒரே ஒரு வேலை செய்தேன். முன்சுவரின் ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்து, ஒரு தபால் அட்டை நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டேன். தூத்துக்குடியில் கடற்காற்று வேறு. நான் செய்த பொருளில் இப்படி ஓர் இடைவெளி தெரிவது எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும்.

நேற்று அவள் பேசினாள். பள்ளி திறந்ததிலிருந்து ஒரு சொல்லும் பேசாத சிறுமி ஒருத்தி, மேலறை முன்னால் வெகுநேரம் குந்தியிருந்தாளாம். கிளியைத் தொட்டாளாம். "விழுந்துரும்" என்றாளாம். ஒரே சொல். இன்னொரு பிள்ளை அவசரத்தில் மாடிப்படிக் கைப்பிடியை உடைத்துவிட்டதாம். "நீங்க வந்து ஒட்டித் தரணும் சார்" என்றாள். அதற்காகத்தான் காலையில் டப்பாவைத் திறந்தேன்.

பேருந்தில் அவ்வளவு தூரம் போவதை நினைத்தாலே உடம்பு சோர்கிறது. வெளியே ஆடிக்காற்று புழுதியை வாரி இறைக்கிறது. ஆனாலும் போவேன். சிரிஞ்சு, இடுக்கி, குச்சிக்கட்டு எல்லாவற்றையும் திரும்ப அடுக்கிவிட்டேன். உங்கள் உப்புத்தாளை மட்டும் டப்பாவில் போடாமல் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். இன்னொன்றும் என்னிடம் இருக்கிறது, நீங்கள் கேட்டும் வாங்கிக்கொள்ளாமல் போன அந்தத் திட்டு. அந்த மேலறையை நினைக்கும்போதெல்லாம் அது வாய்வரை வந்துவிடுகிறது.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒட்டியிருக்கக் கூடாதா, பாய்?