ஆறு மூட்டைச் சோளம்

பிரேசிலில் இருக்கும் என் தங்கைக்கு,

ஒவ்வொரு ஊரும் மாட்டுவண்டியில் காணிக்கை கொண்டுவந்து கொடுத்த நம் ஆஸ்பத்திரி திறந்துவிட்டது. போர்டோ நகர ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் வண்டியிலேயே இறந்து பிறந்த உன் மகள் பெயரில் நீ விட்டுப்போன ஆறு மூட்டை மக்காச்சோளத்தையும் அந்த வண்டி ஊர்வலத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தேன் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தேன்.

உண்மையில் அந்த மூட்டைகளில் மேலே ஒரு சாண்தான் சோளம். அடியில் முழுக்கக் கதிர் உரித்த தோல். மழை பொய்த்த வருடம் என்று இங்கே ஒரு சாக்கு எழுதி அடித்துவிட்டேன். உன் சோளம் என் பன்றிகளுக்குப் போனது.

பக்கத்து ஊர் அனக்லேத்து ஊர்வலத்திலேயே கத்தினான்: "என்னய்யா, ஆறு மூட்டைய இழுக்குற மாடு கல்யாணத்துக்குப் போற மாதிரி துள்ளுது!" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நேற்று சிஸ்டர் ஃபெலிஸ்மினா என்னைப் பிரசவ அறைக்குக் கூட்டிப்போய் ஒரு கட்டிலைக் காட்டினார். "உங்களுக்கு எவ்வளவு யோசனை பாருங்க! மெத்தைக்குள்ள அடைக்கத் தோலும் சேத்து அனுப்பிட்டீங்களே. மூணு மெத்தை தைச்சோம்."

அதன்மேல் ஒரு பச்சைக்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. நான் தொப்பியைக் கழற்றினேன்.

"என் தங்கச்சியோட யோசனைதான், சிஸ்டர்" என்றேன்.

உனக்கு நன்றி எழுதவேண்டும் என்று விலாசம் கேட்டார். கொடுத்துவிட்டேன்.

அந்தக் கடிதத்துக்கு முன்னால் இது உன் கைக்கு வந்துவிட வேண்டும்.

உன் அண்ணன்