குருவுகாருவோடு பேசித் தீர்த்தது

அன்புள்ள மகள் தாட்சாயினிக்கு,

அப்பா எழுதுகிறேன். இஞ்சை அம்மாவும் தம்பியும் நானும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அங்கை ஹைதராபாத்தில் நேரத்துக்குச் சாப்பிட்டு நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று பஜோல் தெருப் பிள்ளையாரிடம் கேட்கிறோம், மற்றதெல்லாம் கேட்டு அலுத்துப் போச்சு. நடந்ததை முதலில் சொல்கிறேன். நீ குருவுகாரு என்று கூப்பிடுகிற உன்ரை பாட்டு வாத்தியார் போன செவ்வாய்க்கிழமை பின்னேரம் எங்கடை கடையின் பின் அறையில் நின்று உனக்குப் போன் எடுத்தார், நீ பாட்டுச் சொல்லச் சொல்ல அவர் எழுதினார், அதை நானும் அம்மாவும் கேட்டுக்கொண்டு நின்றோம்.

எப்படி எங்கடை கடைக்கு வந்தார் என்று உனக்கு நெஞ்சு பதறும், பதறட்டும். ஒரு தெலுங்குப் படக் கூட்டம் இஞ்சை பாரிசில் பாட்டெடுக்க வந்திருக்கிறது. அவர்களுடைய சாப்பாட்டு மனேஜர், ஹோட்டல் ரொட்டியைக் கண்டு எல்லாரும் முகத்தைத் திருப்புகிறார்கள், பருப்பும் ஆவக்காய் ஊறுகாயும் வைத்துத் தர ஆள் வேண்டும் என்று லா சப்பல் தமிழ்க் கடைத்தெரு முழுக்க விசாரித்திருக்கிறார். கோயிலடியில் யாரோ, கடைக்கார மகாலிங்கத்தின் பெண்சாதி யானாம்காரி, தெலுங்குச் சமையல் தெரியும், அவவிடம் போங்கோ என்று எங்களைக் காட்டி விட்டார்கள். நானும் வாற வியாபாரத்தை விடுவேனா, ஓம் என்று விட்டேன். வந்து குந்தினவர்களில் ஒருவர் சேஷாசலம், மூன்று வருஷமாய் நீ யாரிடம் பாட்டெழுதப் பழகுகிறேன் என்று சொல்கிறாயோ அந்த மனுசன். அவர் பாரிசுக்கு வருகிறார் என்று நீ எங்களுக்கு ஒரு சொல் சொல்லவில்லை. அப்பா போய்ச் சண்டை பிடிப்பார் என்று பயந்தாய், எனக்கு விளங்குகிறது. அவருக்கும் எங்களைத் தெரியவில்லை, ஏனென்றால் நீ என்ரை பேரைக் கழற்றி வைத்துவிட்டு அம்மாவின் வீட்டுப் பேரை முன்னுக்குப் போட்டு, முத்யாலா தாட்சாயினி, யானாம் பெட்டை என்று அங்கை புழங்குகிறாய். அதுக்கு நான் கோபிக்கவில்லை, தெலுங்கு ஊரில் தெலுங்குப் பேர் வியாபாரத்துக்கு நல்லது, ஆனால் சொல்லிவிட்டுச் செய்திருக்கலாம்.

அன்றைக்கு நடந்தது இதுதான். ஆற்றுப் பாலத்தில் பெட்டை நிற்க பெடியன் வந்து சேருகிற மாதிரி இருந்த கட்டத்தை டைரக்டர் மத்தியானச் சாப்பாட்டுக்கு நடுவிலேயே மாற்றிப்போட்டார், பெடியன் வரமாட்டான், நாளைக்குக் காலமை புதுச் சரணம் வேண்டும் என்றார். குருவுகாரு பெரிய ஞானி மாதிரிக் கண்ணை மூடித் தலையை ஆட்டினார், பிறகு என்னிடம் அமைதியாய் யோசிக்க ஓர் இடம் இருக்குமோ என்று கேட்டார். அரிசி மூட்டை அடுக்கியிருக்கிற அறையைத் திறந்து விட்டு வைஃபையும் போட்டுக் கொடுத்தேன். அவர் யோசிக்கவில்லை, போனை ஸ்பீக்கரில் போட்டு மூட்டைக்கு மேல் வைத்துவிட்டுத் தாளை எடுத்தார். பிறகு கதவுக்கு வெளியில் நின்ற எங்களுக்குக் கேட்டது உன்ரை குரல். கடந்த மாதம் முழுக்க நான் எடுத்த போனுக்கு, வேலையாய் இருக்கிறேன் அப்பா, பேந்து கதைக்கிறேன் என்ற பிள்ளை, அந்த மனுசனுக்கு மெட்டைப் பாடிப் பாடி ஒன்றுக்குப் பின் ஒன்றாய் நாலு சரணம் கொடுத்தாய். அவர் ஒரு மாத்திரை கூடுது என்றார், நீ உடனே ஒரு சொல்லை எடுத்து வேறொன்று வைத்தாய். எனக்குத் தெலுங்கில் விலை பேச மட்டும்தான் தெரியும், அம்மாதான் காதுக்குள் சொன்னா, நீ வரவில்லை என்று ஆற்றுக்குச் சொல்லமாட்டேன், அது ஓடிப்போய் மற்ற ஊருக்கெல்லாம் சொல்லிவிடும் என்று பெட்டை பாடுகிறாளாம். சொல்லிப்போட்டு அம்மா அகப்பையை வைத்துவிட்டுச் சுவரோடு சாய்ந்து நின்றா. அவர் இரண்டாவதை எடுக்கிறேன் என்றார், நீ சரி குருவுகாரு என்றாய். அவ்வளவுதான். நன்றி கூட அவர் சொல்லவில்லை, நீதான் சொன்னாய். எனக்கு வந்த விசருக்கு அளவில்லை, அவர் மேல் அல்ல, உன் மேல்.

முன்பக்கம் டைரக்டர் இருந்து மோர் குடிக்கிறார். ஒரு சத்தம் போட்டிருந்தால் அந்த மனுசனின் மானம் அரிசித் தவிடு மாதிரிப் பறந்திருக்கும். நான் போடவில்லை. சந்தையில் சத்தம் போடுகிறவன் சாமானை விற்கிறதில்லை. தேத்தண்ணி இரண்டு ஊற்றிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன், உங்களுக்குப் பாட்டுச் சொன்ன பிள்ளை என்ரை மகள் என்றேன். இளவயதில் சென்னையில் இருந்தவராம், நல்லாத் தமிழ் கதைக்கிறார். எழுதின தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார், பிறகு, உட்காருங்க சார், உங்க கடை, நீங்களே நிக்கிறீங்களே என்றார். பொய் சொல்லவில்லை, அதை நான் ஒத்துக்கொள்கிறேன். எங்க தொழிலே இப்படித்தான், சிஷ்யன் எழுதுறது குருவோட வீட்டுச் சொத்து, நானும் என் குருவுக்கு இப்படித்தான் எழுதினேன், அவர் கண்ணை மூடின பிறகுதான் என் பேரு வெளியில வந்துச்சு என்றார். அப்ப என்ரை பிள்ளை உங்கடை சாவைப் பார்த்துக்கொண்டு இருக்க வேணுமோ என்று கேட்டேன். சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை.

நாங்களும் முந்திப் பாரிசுக்கு வெளியே லெ பிளாங்-மெனிலில் ஒரு முதலாளிக்குக் கறித்தூள் வறுத்துக் கொடுத்தவர்கள்தான், பைக்கெற்றில் அவருடைய பேர்தான் இருந்தது. நாங்கள் விலகி வந்து எங்கடை பேரைப் போட்டோம், சனம் மணந்து பார்த்துவிட்டுப் பின்னால் வந்தது. தூளுக்கு அது நடக்கும் பிள்ளை. பாட்டு ஒருக்கால் ஒருத்தர் பேரில் வெளியில் போனால் பிறகு நீ தலைகீழாய் நின்றாலும் அது அவருடையதுதான். இதை நான் உனக்கு எத்தனையோ தரம் சொன்னேன், நீ ஒவ்வொரு தரமும், அப்பா இது கடை இல்லை என்றாய். கடை இல்லாவிட்டால் ஏன் அவர் அதை விற்கிறார்? தம்பி பிருந்தாபன் பிரெஞ்சில் சொல்கிறான், அது அக்காவின் வாழ்க்கை, நீங்கள் தலையிட உங்களை யார் கேட்டது என்று. ஒருத்தரும் கேட்கவில்லை. ஒருத்தரும் கேட்காமல்தான் உங்கள் இரண்டு பேரையும் வளர்த்தேன்.

அவர் சொன்னதில் ஒன்று மட்டும் என்னை மடக்கிப் போட்டது, அதுதான் இன்னும் எரிச்சலாய் இருக்கிறது. புதுப் பேரு, அதுவும் பொண்ணு பேரு போட்டா புரொடியூசர் நாளைக்கே வேற ஆளை வெச்சு எழுதிக்குவான், என் பேரு மேல இருக்கிறதாலதான் அவ வரி தப்பிச்சுது என்றார். வியாபாரியாய் எனக்குத் தெரியும், அது உண்மை. உங்க பொண்ணுக்கு மெட்டுக்குள்ளே மூச்சு விடத் தெரியும், சண்டை பிடிக்கத்தான் தெரியாது என்றும் சொன்னார். அதுவும் உண்மை. ஆனபடியால் உனக்குப் பதிலாய் நான் பிடித்தேன். உன்னைக் கேட்காமல்தான் செய்தேன். கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பாய், அவர் ஊருக்குப் போயிருப்பார், இன்னொரு மூன்று வருஷம் நீ சரி குருவுகாரு என்று கொண்டு இருப்பாய். பேசினது பிடிக்காவிட்டால் நீயே அவரிடம் போய் வேண்டாம் என்று உன்ரை வாயால் சொல், நான் கொடுத்த சொல்லை நான் திருப்பி வாங்கமாட்டேன்.

போனில் சொன்னால் பாதியில் வெட்டிப்போடுவாய் என்றுதான் கடிதமாய் எழுதி, மற்றவர்களுக்கு முந்தி ஊருக்குப் போகிற அந்தச் சாப்பாட்டு மனேஜரிடம் பொதியோடு கொடுத்து விடுகிறேன். அம்மா ஆவக்காய்ப் போத்தலை இரண்டு பையில் சுற்றியிருக்கிறா, எண்ணெய் கசியும், கவனமாய்த் திற. பாஸ்போர்ட் தை மாதத்தோடு முடியுது, பிரெஞ்சுக் கொன்சுலாவில் இப்பவே நேரம் கேட்டு ரொந்தேவூ எடு, கடைசி நேரத்தில் ஓடாதே. அம்மா உன்னை மடியில் வைத்திருக்கிற மாதிரி நினைத்து ஆசீர்வாதம் சொல்லச் சொன்னா, என்ரை ஆசீர்வாதமும் உண்டு, கோபம் வேறு அது வேறு. பிள்ளையார் உன்ரை நாக்கிலும் கொஞ்சம் முதுகெலும்பிலும் இருக்கட்டும்.

அம்மாவைச் சாட்சியாய் வைத்துக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் ஒத்துக்கொண்டது இது. ஆற்றுப் பாட்டுக்குத் திரையிலும் வெளியிடுகிற இடம் எல்லாத்திலும் இரண்டு பேர் போடப்படும், அவருடையது முதல், உன்னுடையது கீழே, அதே அளவு எழுத்தில். அவருக்கு அடுத்து வருகிற படத்தில் ஒரு பாட்டு உன் பேரில் மட்டும். அதுவரைக்கும் நீ அவர் வீட்டில் இருந்து எழுத வேண்டும், நான் டைரக்டரிடம் வாய் திறக்கக் கூடாது. இதுக்கு முந்தி நீ எழுதினது எல்லாம், அரைவாசி திறந்த கடைக் கதவுக்குக் கீழாலே குனிந்து வந்தவனே என்று அவர் பேரில் வந்து அம்மா சமைக்கும்போது பாடுகிற பாட்டும் சேர்த்து, அவருடையது, அது உன்னுடையது என்று நாங்கள் ஒருநாளும் ஒருத்தருக்கும் சொல்லக் கூடாது.

இப்படிக்கு,
உன் அப்பா
மகாலிங்கம்
லா சப்பல், பாரிஸ்